ஸ்கேல் ஹெலிகாப்டரில் வால் ஆட்டமும் மோட்டார் சூடும்: ஒரு பழுதுபார்ப்பு அனுபவம்

வெறும் சட்டமாக இருந்தபோது ஒழுங்காகப் பறந்த ரேடியோ கட்டுப்பாட்டு ஹெலிகாப்டர், கண்ணாடியிழைக் கூட்டை மாட்டியதும் வாலை ஆட்டத் தொடங்குவது ஸ்கேல் மாடல் (அசல் ஹெலிகாப்டரின் தோற்றத்தில் செய்த சிறு மாடல்) வைத்திருக்கும் பலருக்கும் பழக்கமான தொல்லை. என்னிடம் இருப்பது 450 அளவு எந்திரம். 325 மி.மீ. பிளேடுகள், பெல்ட்டால் சுழலும் டெயில் ரோட்டர், 3500 கேவி (சுமையில்லாமல் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 3500 சுற்று) மோட்டார், மூன்று செல் லிபோ (லித்தியம் பாலிமர்) பேட்டரி என்று அந்த அளவில் பரவலாகக் கிடைக்கும் அமைப்புதான். அதற்கு ஹியூஸ் 500டி வடிவக் கூட்டைப் பொருத்தினேன். முட்டை போன்ற உடலும் மெலிந்த வாலும் கொண்ட இந்த வடிவம் பார்ப்பதற்கு அழகு. ஆனால் உள்ளே இருக்கும் எந்திரத்துக்குக் காற்றும் இல்லை, நமக்குக் கை நுழைய இடமும் இல்லை.

கூடில்லாமல் பேட்டரியோடு 800 கிராமுக்குள் இருந்த எடை, கூட்டோடு ஒரு கிலோவை நெருங்கியது. மூன்று குறைகள் தெரிந்தன. ஓரிடத்தில் மிதக்கவிட்டால் வால் மெதுவாக இடமும் வலமும் அலைந்தது. கலெக்டிவை, அதாவது மெயின் பிளேடுகளின் சாய்கோணத்தை ஒருசேர மாற்றும் கட்டுப்பாட்டை, சட்டென்று ஏற்றினால் மூக்கு இடப்பக்கம் இழுத்துக்கொண்டுபோய், சற்றுக் கழித்தே திரும்பி வந்தது. இறக்கிய பிறகு கூட்டைப் பிரித்து மோட்டாரைத் தொட்டால் விரலை வைத்திருக்க முடியவில்லை. இவை வெவ்வேறு பழுதுகளாகத் தோன்றினாலும், மோட்டார், பினியன் (மோட்டார் தண்டில் இருக்கும் சிறு பல்சக்கரம்), மெயின் கியர் (அது சுழற்றும் பெரிய பல்சக்கரம்), பெல்ட், வால் பிளேடு, சர்வோ (வால் பிளேடின் கோணத்தை மாற்றும் சிறு மோட்டார்), ஜைரோ (வால் திரும்புவதை உணர்ந்து திருத்தும் கருவி) ஆகிய அனைத்தும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதால், ஓரிடத்துக் குறை வேறோர் இடத்தில்தான் கண்ணுக்குத் தெரியும். குறிப்பாக, எங்கே எது தவறினாலும் அது வாலில் வந்து வெளிப்படும். வால் ஆடினால் உடனே ஜைரோவின் கெயினை, அதாவது அது திருத்தும் வலுவை, குறைப்பது நம்மிடையே ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. அந்தச் சிறு திருகு கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது. கூடில்லாத 450 எந்திரத்தை வித்தை காட்டிப் பறக்கவிடுகிறவர்கள் ஹெட் ஸ்பீடை (மெயின் ரோட்டரின் வேகத்தை) நிமிடத்துக்கு 2800 சுற்று அளவில் வைத்துக்கொள்வார்கள். ஸ்கேல் மாடலில் அப்படி வைத்தால் அசல் ஹெலிகாப்டரின் நிதானமான தோற்றமும் ஓசையும் வராது என்பதால், நான் 1800 சுற்றைத் தேர்ந்தெடுத்தேன். என் எந்திரத்தில் வாலின் பல்சக்கர விகிதம் 4.24. அதாவது மேலே 2800 சுற்றும்போது வால் ஏறத்தாழ 11,870 சுற்று சுற்றும். மேலே 1800 என்றால் வால் 7,630தான். ஒரே பிட்சில் (பிளேடின் சாய்கோணத்தில்) டெயில் ரோட்டர் தரும் தள்ளுவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே 1800க்கு இறங்கும்போது வாலின் வலிமை 41 சதவீதமாகக் குறைந்துவிடுகிறது. மறுபக்கம், கூட்டின் எடையைத் தூக்க வேண்டியிருப்பதாலும், அதே திறனைக் குறைந்த வேகத்தில் கொடுக்கும்போது ரோட்டரின் முறுக்குவிசை கூடுவதாலும், வால் எதிர்த்து நிற்க வேண்டிய சுமை குறைவதில்லை. போதாக்குறைக்கு, கூட்டோடு வரும் அகன்ற வால் தடுப்பு (வால் நுனியின் செங்குத்துத் தகடு) டெயில் ரோட்டரின் காற்றோட்டத்தில் ஒரு பகுதியை மறைக்கிறது. ஆக, எந்தப் பழுதும் இல்லாத நிலையிலேயே ஸ்கேல் மாடலின் வாலுக்குக் கையிருப்பு குறைவு. கூடில்லாதபோது ஜைரோ சமாளித்து மறைத்துவைத்த சிறு உராய்வும் தளர்வும், இந்தக் கையிருப்பு குறைந்ததும் வெளியே வந்துவிடுகின்றன.

கை வைப்பதற்கு முன் வால் எப்படி ஆடுகிறது என்பதைப் பொறுமையாகக் கவனிக்க வேண்டும். நொடிக்குப் பல முறை, சிறு அகலத்தில் படபடவென்று துடித்தால் அது பெரும்பாலும் ஜைரோவின் கெயின் மிகுதி. கெயினைச் சிறிது குறைத்ததும் அடங்கிவிடும். நொடிக்கு ஒன்றிரண்டு முறை என்று சோம்பலாக அலைந்து, கெயினைக் குறைத்தால் அலைச்சல் இன்னும் அகலமானால், எங்கோ இணைப்பு சிக்குகிறது அல்லது தளர்ந்திருக்கிறது என்று பொருள். ஆட்டம் கலெக்டிவை மாற்றும்போது மட்டும் வந்தால் ஹெட் ஸ்பீடு நிலையாக இல்லை. வால் ஆடாமல், திடீரென்று ஓர் உதறல் உதறிவிட்டுப் பழைய நிலைக்கே வந்தால் மின்சாரப் பக்கம் பார்க்க வேண்டும். என் ஹெலிகாப்டரில் இருந்தது இரண்டாவது வகை. கெயினைக் குறைத்தபோது நிலைமை மோசமாயிற்று. அதனால் ஜைரோவை அப்படியே விட்டுவிட்டு, வால் நுனியிலிருந்து முன்பக்கமாகச் சோதித்துக்கொண்டு வந்தேன்.

சர்வோ கையிலிருந்து பால் லிங்கை, அதாவது பந்தின் மேல் மாட்டும் பிளாஸ்டிக் இணைப்பை, கழற்றிவிட்டு, வால்வரை போகும் நீண்ட தள்ளுகம்பியை விரலால் முன்னும் பின்னும் நகர்த்திப் பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்த மிகப் பயனுள்ள சோதனை. ஹெலிகாப்டரின் மூக்கைக் கீழே சாய்த்தால் கம்பி தன் எடையாலேயே முன்னால் சரிய வேண்டும். வாலைக் கீழே சாய்த்தால் பின்னால் போக வேண்டும். கூட்டுக்கு வெளியே எந்திரத்தை வைத்திருந்தபோது அப்படித்தான் சரிந்தது. கூட்டுக்குள் வைத்து எல்லாத் திருகுகளையும் முறுக்கிய பிறகு, பாதித் தூரம் வந்து நின்றுவிட்டது. விரலால் தள்ளினால் ஓரிடத்தில் இலேசாகக் கொக்கி மாட்டுவதுபோல் தடுத்து, பிறகு நழுவியது. திருகுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திக்கொண்டே கம்பியை நகர்த்திப் பார்த்தேன். வால் தடுப்பை டெயில் கேஸோடு (வால் நுனியின் உறையோடு) இணைக்கும் இரண்டு திருகுகளைத் தளர்த்தியதும் தடை முற்றிலும் விலகியது.

காரணம் எளிமையானது. கூட்டின் வால்பகுதி எந்திரத்தின் டெயில் பூமோடு (வால் குழாயோடு) ஒரே நேர்கோட்டில் இல்லை. பின்னால் இருந்த இடைவெளி ஒரு மி.மீ. கூட இருக்காது, ஆனால் திருகை முறுக்கும்போது பூம் பக்கவாட்டில் வளைந்து, அத்தோடு சிறிது முறுக்கியும் கொண்டது. வளைந்த பூமில் கம்பியின் வழிகாட்டி வளையங்கள் ஒரே வரிசையில் நிற்காததால் கம்பி உரசியது. வால் ஆடியதன் பொறிமுறையும் இதிலிருந்து விளங்கும்: ஜைரோ ஒரு சிறு திருத்தத்தைக் கேட்கும்போது சர்வோ நகர்ந்தாலும் கம்பி வளைந்து கொடுக்கிறதே தவிர நுனி நகர்வதில்லை, அழுத்தம் கூடியதும் ஒரேயடியாக நழுவித் தேவைக்கு மேல் போய்விடுகிறது, உடனே ஜைரோ எதிர்ப்பக்கம் திருத்துகிறது. இப்படி மாறி மாறி நடப்பதுதான் அந்தச் சோம்பலான அலைச்சல். கூட்டின் திருகுத் துளைகளை அரத்தால் நீள்துளைகளாக ஆக்கி, இடையில் மெல்லிய ரப்பர் வாஷர் வைத்து, பூம் தன் இயல்பான இடத்திலேயே நிற்கும்படி முறுக்கியதும் அலைச்சலில் பெரும்பகுதி போய்விட்டது. கூட்டை எந்திரத்தோடு பொருத்தும்போது, எந்திரம் கூட்டின் வடிவத்துக்கு வளையக் கூடாது; கூடுதான் எந்திரத்துக்கு இணங்க வேண்டும்.

வால் நுனியில் வேறு சிலவற்றையும் அதே வேளையில் பார்த்துவிட வேண்டும். பிட்ச் ஸ்லைடர் (வால் பிளேடுகளின் கோணத்தை மாற்றும் நகரும் துண்டு) வால் ஷாஃப்ட்டின் மேல் தடையின்றி நகர வேண்டும், ஆனால் பக்கவாட்டில் ஆடக் கூடாது. வால் பிளேடுகளின் திருகு, பிளேடு சுழற்சியின் விசையால் தானே நேராகிக்கொள்ளும் அளவுக்கு இலகுவாக இருக்க வேண்டும்; இறுக்கி முறுக்கினால் பிளேடுகள் கோணலாகவே நின்று அதிர்வு கிளம்பும். பால் லிங்க் புதிதாக இருக்கும்போது பந்தைச் சற்று இறுக்கிப் பிடிப்பதுண்டு. பிளாஸ்டிக்கை இடுக்கியால் இலேசாக அழுத்திவிட்டால் இலகுவாகும், அதிகம் அழுத்தினால் தளர்ந்துவிடும், அப்போது புது லிங்க்தான் போட வேண்டும்.

பெல்ட்டைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கூட்டுக்குள் போன பிறகு அதைக் கண்ணால் பார்க்க முடியாது. பெல்ட் டெயில் பூமுக்குள் கால் சுற்று திரும்பிச் செல்கிறது. தவறான பக்கமாகத் திரும்பிவிட்டால் டெயில் ரோட்டர் எதிர்த்திசையில் சுழலும். பிளேடின் கூரிய பின்விளிம்பு முன்னால் வந்து, தள்ளுவிசை கெட்டுவிடும். என்னுடையது போல மேலிருந்து பார்க்கக் கடிகார முள் திசையில் சுழலும் மாடல்களில், மெயின் ரோட்டரைக் கையால் அந்தத் திசையில் சுற்றினால், வால் பிளேடின் தடித்த முன்விளிம்பு காற்றை வெட்டிக்கொண்டு போகிறதா என்று பார்த்தாலே போதும். பெரும்பாலான மாடல்களில், கீழே இருக்கும் வால் பிளேடு மூக்கை நோக்கி முன்னால் நகரும்.

இழுவிசை தையல் இயந்திரத்தின் பெல்ட்டைப் போல் இருக்க வேண்டும்: விரலால் அழுத்தினால் கொடுக்க வேண்டும், விட்டால் தொய்வில்லாமல் திரும்ப வேண்டும். தளர்ந்த பெல்ட், கலெக்டிவைச் சட்டென்று ஏற்றும்போது பல்லைத் தாண்டும். அப்போது வாலிலிருந்து டக்டக்கென்ற ஓசையும் மூக்கின் இடப்பக்கத் திருப்பமும் ஒன்றாக வரும். இதைச் சோதிக்க, மெயின் கியரை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, வால் பிளேடுகளின் பிடியைச் சுற்ற முயன்று பார்க்கலாம். பற்கள் தாண்டினால் பெல்ட்டை இறுக்கியாக வேண்டும். மிகையாக இறுக்கினாலும் தொல்லையே. வால் ஷாஃப்ட்டின் பேரிங்குகள் விரைவில் தேயும், மோட்டார் வீணாக அதிக மின்னோட்டம் இழுக்கும். புது பெல்ட் முதல் சில பறப்புகளில் சற்று நீளும் என்பதால், கூட்டை நிலையாக மூடுவதற்கு முன் அதை வெளியிலேயே பழக்கி, மறுபடி இறுக்கிவிட்டுப் பிறகு உள்ளே வைப்பது நல்லது. நான் கூட்டின் பக்கவாட்டில், வண்ணப்பட்டை மறைக்கும் இடத்தில் சிறு கதவு ஒன்று வெட்டிக் காந்தத்தால் மூடிவைத்திருக்கிறேன். ஸ்கேல் அழகை விரும்புகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். பெல்ட்டைத் தொட்டுப் பார்க்க முடியாத ஹெலிகாப்டரைப் பறக்கவிட எனக்கு விருப்பமில்லை.

பெல்ட்டோடு வரும் இன்னொரு தொல்லை நிலைமின்சாரம். வறண்ட நாள்களில் பிளாஸ்டிக் சக்கரங்களின் மேல் வேகமாக ஓடும் பெல்ட் மின்னேற்றத்தைச் சேர்த்து, டெயில் பூமில் குவித்து, ஒரு கட்டத்தில் எங்கேனும் தாவவிடும். அந்தப் பொறி ஜைரோவுக்கோ சர்வோ வயருக்கோ அருகில் தாவினால் வால் ஒரு முறை உதறும். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ பழைய அலைவரிசைகளைவிட இதைத் தாங்கும் என்றாலும், ஜைரோவுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பூமிலிருந்து மோட்டார் அடித்தட்டுக்கு மெல்லிய வயர் ஒன்றைப் போட்டு இரண்டையும் இணைத்துவிட்டால் மின்னேற்றம் குவியாது. வயரைப் பொருத்தும் இடத்தில் அலுமினியத்தின் நிறப்பூச்சைச் சுரண்டிவிட வேண்டும், ஏனென்றால் அனோடைஸ் செய்த மேற்பரப்பு மின்சாரத்தைக் கடத்தாது. மல்டிமீட்டரை வைத்து இணைப்பு இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளலாம். பெல்ட்டில் சிலிக்கோன் ஸ்பிரே சிறிது தெளிப்பதும் உதவும்.

இவ்வளவும் முடிந்த பிறகே ஜைரோவுக்கு வந்தேன். ஹெடிங் ஹோல்ட் முறையில் (மூக்கு காட்டும் திசையை ஜைரோவே பிடித்துவைக்கும் முறையில்) ரட்டரின், அதாவது வால் கட்டுப்பாட்டின், டிரிம்மையோ சப் டிரிம்மையோ (ரேடியோவில் நடுநிலையை நகர்த்தும் அமைப்புகள்) தொட்டுவைத்தால், ஜைரோ அதை வாலைத் திருப்பச் சொல்லும் கட்டளையாகவே எடுத்துக்கொண்டு வாலை மெல்ல நகர்த்திக்கொண்டே இருக்கும். நடுநிலையைக் கம்பியின் நீளத்தால்தான் சரிசெய்ய வேண்டும். ரேட் முறையில் (திருப்பத்தின் வேகத்தை மட்டும் ஜைரோ எதிர்க்கும் முறையில்) மிதக்கவிட்டு, வால் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து, இறக்கி, லிங்கை ஒரு சுற்று திருகி, மறுபடி பார்ப்பது. வால் தானாக நிற்கும்வரை இதைச் செய்துவிட்டு, பிறகு ஹெடிங் ஹோல்டுக்கு மாறினால் ஜைரோவுக்கு வேலை குறையும். ஹெலிகாப்டர் தரையில் இருக்கும்போது ஹெடிங் ஹோல்டில் சர்வோ கை ஒரு பக்கமாக மெல்ல ஊர்ந்து போவதைப் பழுது என்று எண்ணிப் பலர் கவலைப்படுவார்கள். வால் திரும்பாததால் ஜைரோ தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

ஜைரோவின் திசையை, பறப்பதற்கு முன் கையால் சோதிக்காமல் ஒருபோதும் மோட்டாரைக் கிளப்பக் கூடாது. ரட்டர் ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் சர்வோ எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துக்கொண்டு, ஸ்டிக்கை விட்டுவிட்டு, மூக்கைக் கையால் சட்டென்று இடப்பக்கம் திருப்பினால் சர்வோ அதே பக்கம்தான் நகர வேண்டும். மாறி நகர்ந்தால், தரையிலிருந்து எழும் நொடியிலேயே ஹெலிகாப்டர் பம்பரமாகச் சுற்றிவிடும், எந்த ஸ்டிக்கும் அதை நிறுத்தாது.

ஜைரோவை ஒட்டும் இடமும் கூட்டினால் பாதிக்கப்படுகிறது. நுரை ஒட்டுப்பட்டையின் மேல் நன்றாக ஒட்டியிருந்தாலும், அதிலிருந்து வரும் வயர் விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டிருந்தால் சட்டத்தின் அதிர்வு வயர் வழியாக ஜைரோவுக்குப் போகும். கூட்டின் உட்சுவர் ஜைரோவை உரசுகிறதா என்பதை, அதன் மேல் சிறிது சுண்ணாம்புத் தூள் தடவிக் கூட்டை மூடித் திறந்து பார்த்துக் கண்டுபிடிக்கலாம்.

கலெக்டிவை ஏற்றும்போது மூக்கு இடப்பக்கம் இழுப்பது இதற்கெல்லாம் அடங்கவில்லை, அடங்கவும் செய்யாது, ஏனென்றால் அது முன்பே சொன்ன கையிருப்புக் குறைவின் விளைவு. சர்வோவின் பயண எல்லையைப் பார்த்தேன். எந்திரம் இன்னும் பிட்ச் கொடுக்க முடியும் என்ற நிலையிலேயே ஜைரோவின் லிமிட் சர்வோவை நிறுத்திக்கொண்டிருந்தது. ஸ்லைடர் முட்டிக்கொள்வதற்குச் சற்று முன்புவரை எல்லையை நீட்டினேன். லிமிட்டை நூற்றுக்கு எண்பதுக்குக் கீழே வைக்க வேண்டிய நிலை வந்தால், சர்வோ கையில் பந்தை உட்புறத் துளைக்கு மாற்றுவதே சரி. கையின் நீளம் கூடினால் வேகம் கூடும், ஆனால் நுட்பம் குறைந்து ஆட்டம் வரும். அடுத்து, வால் பிளேடுகளைச் சற்று நீளமானவையாக மாற்றினேன். அகலம் மாறாமல் டெயில் ரோட்டரின் விட்டத்தை 150 மி.மீ. இலிருந்து 160க்குக் கொண்டுபோனால், அதே வேகத்தில் தள்ளுவிசை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடும். பிளேடு நுனிக்கும் தரைக்கும், பிளேடு நுனிக்கும் வால் தடுப்புக்கும் இடைவெளி போதுமா என்று பார்த்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். இவ்விரண்டு மாற்றங்களுக்குப் பிறகு இழுப்பு, ஊன்றிப் பார்த்தால் மட்டும் தெரியும் அளவுக்குச் சுருங்கியது.

ஆனாலும் மிதக்கும்போது மிக மெல்லிய ஆட்டம் ஒன்று எஞ்சியிருந்தது. கண்ணைவிடக் காது இதில் உதவியது: வால் ஆடும் அதே தாளத்தில் மோட்டாரின் ஓசையும் ஏறி இறங்கியது. ஈஎஸ்சியின் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவியின்) கவர்னர், வேகத்தை நிலைநிறுத்த முயன்று தானே அலைந்துகொண்டிருந்தது. வேகம் கூடினால் முறுக்குவிசை கூடும், மூக்கு இடப்பக்கம் போகும். குறைந்தால் வலப்பக்கம் வரும். இதை உறுதிசெய்ய ஒரு நேரடியான வழி இருக்கிறது: கவர்னரை நிறுத்திவிட்டு, சாதாரண திராட்டில் கர்வில் (ஸ்டிக்கின் நிலைக்கு ஏற்ற நிலையான திறப்பில்) ஒரு முறை மிதக்கவிட்டுப் பார்ப்பது. ஆட்டம் மறைந்தால் குற்றம் கவர்னருடையது, வாலுடையது அல்ல. என்னுடையதில் மறைந்தது. கவர்னரின் கெயினை ஒரு படி இறக்கியதும் கவர்னரோடும் அமைதியாக நின்றது.

இங்கேதான் பினியன் கணக்கு வருகிறது. 3500 கேவி மோட்டார், 11.1 வோல்ட் என்றால் சுமையில்லாமல் 38,850 சுற்று. என் மெயின் கியருக்கு 150 பற்கள்; 13 பல் பினியனோடு விகிதம் 11.54. சுமையில் இதில் எண்பது சதவீதம்தான் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், முழுத் திறப்பில் ஹெட் ஸ்பீடு 2690 அளவில் இருக்கும். எனக்குத் தேவையான 1800 அதில் 67 சதவீதம். ஈஎஸ்சி பாதித் திறப்பில் நெடுநேரம் வேலைசெய்யும்போது, முழுத் திறப்பில் இருப்பதைவிடத் தன் மின்னோட்டத்துக்கு அதிகமாகச் சூடாகும். 11 பல் பினியனைப் போட்டால் விகிதம் 13.64 ஆகி, முழுத் திறப்பு வேகம் 2280க்கு இறங்கி, 1800 என்பது 79 சதவீதமாகிறது. கவர்னருக்கு மேலே ஏற இடமும் உண்டு, ஈஎஸ்சிக்குச் சூடும் குறைவு. திறப்பு தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டினால் கவர்னரால் கலெக்டிவ் சுமைக்கு ஈடுகொடுக்க முடியாமல் வேகம் தொங்கும். அப்போது வால் மீண்டும் பிடியை இழக்கும்.

ஹெட் ஸ்பீடை ஊகிக்காமல் அளந்து பார்க்க வேண்டும். ஒளியால் அளக்கும் டேக்கோமீட்டரைப் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பழைய சோக் வைத்த டியூப்லைட்டுக்கு அடியில் அளந்தால், இரண்டு பிளேடு அமைப்பில் கருவி பிடிவாதமாக 3000 என்று காட்டும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு நொடிக்கு 100 முறை சிமிட்டுவதை அது பிளேடு என்று எண்ணிக்கொள்கிறது. பகல் வெளிச்சத்தில் அளந்தால் இந்தக் குழப்பம் இல்லை. என்னுடைய விருப்பம் கைப்பேசி: ஓசையைப் பதிவுசெய்து அலைவரிசை காட்டும் செயலியில் பார்த்தால், 1800 சுற்றுக்கு மெயின் பிளேடுகள் 60 ஹெர்ட்ஸிலும் வால் பிளேடுகள் 254 ஹெர்ட்ஸிலும் முகடு காட்டும். இரண்டின் விகிதம் எப்போதும் 4.24 ஆக இருக்க வேண்டும். கலெக்டிவை ஏற்றும்போது வாலின் முகடு மட்டும் சறுக்கினால் பெல்ட் தாண்டுகிறது. இரண்டும் சேர்ந்து இறங்க, மோட்டாரின் கீச்சொலி மட்டும் மேலே ஏறினால் ஒன்வே பேரிங் (ஒரே திசையில் மட்டும் பிடிக்கும் பேரிங்) வழுக்குகிறது. அதில் கெட்டியான கிரீஸை அடைத்தால் உள்ளே உருளைகள் பிடிக்காமல் வழுக்கும். மெல்லிய எண்ணெய் துளி போதும்.

மோட்டாரின் சூட்டுக்குப் பினியன் மட்டும் காரணமில்லை. பினியனும் மெயின் கியரும் மிக நெருக்கமாகக் கடித்துக்கொண்டிருந்தன. ஒரு துண்டு மெல்லிய தாளை இரண்டுக்கும் இடையில் வைத்துச் சுற்றி, மோட்டாரை நெருக்கி முறுக்கிவிட்டுத் தாளை உருவினால், தாள் கிழியாமல் மடிப்புத் தடத்தோடு வெளியே வர வேண்டும். மெயின் கியர் முழு வட்டமாக இருப்பதில்லை என்பதால், சுற்றிப் பார்த்து அதன் மிக நெருக்கமான இடத்தில் இந்த அளவை வைக்க வேண்டும். பினியனின் சிறு திருகு மோட்டார் ஷாஃப்ட்டின் தட்டையான பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறதா, லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) போடப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்க்கலாம். திருகு தளர்ந்தால் மோட்டார் சத்தமிடும், ரோட்டர் சுற்றாது. மோட்டாரைப் பிடிக்கும் திருகுகள் நீளமாக இருந்து சுருள்களைத் தொட்டால், பிறகு அந்த மோட்டாரைக் காப்பாற்ற முடியாது.

கிளம்பும்போது மோட்டார் சுற்றாமல் நடுங்கினால், மூன்று வயர்களில் ஒன்றின் புல்லட் கனெக்டரில் சால்டர் சரியாகப் பிடிக்கவில்லை என்பதை முதலில் சந்தேகிப்பேன். வயரை அசைக்க அசைக்க நடுக்கம் மாறினால் சந்தேகம் உறுதி. மேசையில் இதையெல்லாம் சோதிக்கும்போது மெயின் பிளேடுகளையும் வால் பிளேடுகளையும் கழற்றிவிட வேண்டும். ரேடியோவை மட்டும் அமைப்பதானால் மோட்டாரின் இரண்டு வயர்களைப் பிடுங்கிவிடுவது இன்னும் பாதுகாப்பு. நிமிடத்துக்கு ஏழாயிரம் சுற்று சுற்றும் வால் பிளேடு விரலை எளிதில் வெட்டிவிடும்.

காற்றோட்டம் தனிக் கதை. அசல் ஹியூஸ் 500இல் எஞ்சினுக்கான காற்று ரோட்டருக்குப் பின்னால் கூரை மேலிருந்து நுழைகிறது, புகைக்குழாய் உடலின் பின்முனையில் வாலுக்கடியில் திறக்கிறது. மாடலில் இவ்விரண்டும் பெரும்பாலும் வெறும் அலங்காரப் பள்ளங்கள். அவற்றை வெட்டித் திறந்துவிட்டு, உட்புறம் கறுப்பு வலை ஒட்டினேன். தோற்றமும் அசலுக்கு நெருங்கியது, ரோட்டர் அழுத்தும் காற்றும் கூட்டுக்குள் நுழைந்து பின்னால் வெளியேறத் தொடங்கியது. இது வெறும் வசதிக்காக அல்ல. சாதாரணத் தர நியோடிமியம் காந்தங்கள் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் காந்தத்தன்மையை நிலையாக இழக்கத் தொடங்கும். இழந்த மோட்டாரின் கேவி ஏறும், அதே முறுக்குவிசைக்கு அதிக மின்னோட்டம் தேவைப்படும், அதனால் இன்னும் சூடாகும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் வெளியே நிழலிலேயே 38, 40 டிகிரி இருக்கும்போது, மூடிய கூட்டுக்குள் மோட்டாருக்கு எஞ்சியிருக்கும் இடைவெளி மிகக் குறைவு.

சராசரி மின்னோட்டத்தை அறியத் தனிக் கருவி வேண்டியதில்லை. ஐந்து நிமிடம் பறந்த பிறகு சார்ஜர் 1500 மில்லி ஆம்பியர் மணி திரும்ப ஏற்றினால், சராசரி 18 ஆம்பியர். இந்த எண்ணை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வந்தால், அதே வகைப் பறப்பில் அது திடீரென்று ஏறும் நாளில், எங்கோ ஒரு பேரிங் இறுகுகிறது அல்லது பெல்ட் உரசுகிறது என்பது வால் ஆடுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

இப்போதும் பேட்டரியின் கடைசிக் கட்டத்தில் என் ஹெலிகாப்டரின் வால் சற்றுத் தளர்கிறது. செல் ஒன்றுக்கு 3.3 வோல்ட்டுக்கு இறங்கும்போது, 11 பல் பினியனோடு 1800 சுற்றுக்குத் தேவையான திறப்பு 89 சதவீதத்துக்கு ஏறிவிடுகிறது என்பதால் இது எதிர்பார்த்ததுதான். 12 பல் பினியன் இதைச் சற்றுத் தள்ளிப்போடும், ஆனால் முதல் நிமிடங்களில் ஈஎஸ்சியைச் சூடாக்கும். அதனால் பினியனை மாற்றாமல், டிரான்ஸ்மிட்டரின் டைமரை ஐந்து நிமிடத்தில் வைத்து, மணி அடித்ததும் இறக்கிவிடுகிறேன்.